புயலுக்குப் பிறகு கடலூரில் கான்கிரீட் கட்டைகளைத் தேடி

2012 பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தானே புயல் அடித்து ஒரு மாதம்கூட ஆகாத இடத்துக்கு அதற்காக யாரும் போக மாட்டார்கள். என் தங்கை தேன்மொழி சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்தின் சிவில் துறையில் ஆராய்ச்சி மாணவி. "அண்ணா, கடற்கரையில வச்சிருந்த என் கட்டைங்களைக் காணோம். தேடணும். ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வர்றியா?" என்று போனில் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கூப்பிட்டது அதுவே முதல் தடவை என்பதால் கிளம்பினேன்.

கட்டை என்று அவள் சொல்வது அரை மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் துண்டு. பன்னிரண்டு கிலோ இருக்கும், உள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடும். நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்புச் சக்கையை எரித்தால் மிஞ்சும் சாம்பலை, சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலக்கலாமா என்பதுதான் ஆராய்ச்சி. செலவு குறையும், சாம்பலும் பயன்படும். ஆனால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் துரு பிடிக்க வைக்குமா, வைக்காதா? இது ஆய்வகத் தொட்டியில் மட்டும் வைத்துப் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. அதனால் சாம்பல் கலந்தது ஆறு, கலக்காதது ஆறு என்று பன்னிரண்டு கட்டைகளை, கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தின் ஓரம் இரும்புச் சட்டத்தில் அடுக்கி வைத்திருந்தாள். ஏற்றத்தில் நனையும், இறக்கத்தில் காயும். இரண்டு வருடம் முடிந்து எடுக்க வேண்டிய நேரத்தில் புயல் வந்துவிட்டது. அவளுக்கு உதவித்தொகை மார்ச்சோடு நிற்கிறது. கட்டை இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

கோயம்பேட்டில் காலை ஐந்தரை மணி பஸ். புதுச்சேரி வரை எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அதைத் தாண்டியதும் தலை இல்லாத தென்னைகள் ஆரம்பித்தன. மின்கம்பங்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் சாலையோரம் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கடலூரில் இறங்கும்போது பத்தரை. டீக்கடையில் ஒருவர் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் மோட்டார் ஓட்டித் தொட்டி நிரப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். "கரண்டு வந்துட்டா என் பொழப்பு போயிடும் சார்" என்று சிரித்தார்.

தேன்மொழி சிதம்பரத்திலிருந்து வந்து முதுநகரில் காத்திருந்தாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனோம். சட்டம் நின்ற இடத்தில் சட்டம் இல்லை. மண் ஓர் ஆள் முழங்கால் அளவுக்கு ஏறியிருந்தது. கடப்பாறையால் குத்திக் குத்திப் பார்த்து, மதியத்துக்குள் மூன்று கட்டைகளைத் தோண்டி எடுத்தோம். மூன்றுமே சாம்பல் கலக்காதவை. அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் தண்ணீர் கேட்கலாம் என்று பக்கத்துக் குடிசைகளுக்குப் போனேன். கூரை பிய்ந்துபோன ஒரு குடிசையின் மேல் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. அதன் நான்கு மூலையிலும் நான்கு கட்டைகள். பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். தங்கை அச்சில் பதித்த எண்கள் தெளிவாகத் தெரிந்தன. மூன்று சாம்பல் கட்டை, ஒன்று சாதாரணம்.

வீட்டுக்காரம்மா பெயர் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும், மீன் விற்கிறவர். தங்கை ஓடி வந்து விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது உன்னுதா? நம்பர் போட்டிருந்துச்சு, கவர்மெண்டு கல்லுன்னு நெனச்சோம். மண்ணுல உருண்டு கெடந்துச்சும்மா."

"என்னுதுதாங்க்கா. எனக்கு இது வேணும்."

"எடுத்துக்க. ஆனா காத்து அடிச்சா தார்ப்பாய் பறந்துடுமே. அப்புறம் பனியில புள்ளைங்கள எங்க படுக்க வைப்பேன்?"

சுற்றிப் பார்த்தேன். மணலைத் தவிர அங்கே கனமாக எதுவுமே இல்லை. மணலைக் கட்டி வைக்கச் சாக்கும் இல்லை. இருந்ததையெல்லாம் வெள்ளத்துக்கு அணை கட்டப் போட்டிருந்தார்கள். தங்கை என்னைப் பார்த்தாள். காசு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை அவள் காதில் சொன்னேன், அவள் கேட்கவில்லை. "நாளைக்கு வேற கல்லு கொண்டாறேங்க்கா. அது வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். வெயிட்டுக்குத்தான வேணும்?" என்றாள்.

"வெயிட்டுக்குத்தான். ஆனா நிச்சயமா வருவியா?"

"என் படிப்பே உங்க கூரை மேலதான் இருக்கு. வராம எங்க போவேன்?"

முதுநகரிலிருந்து சிதம்பரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். செம்மங்குப்பம் வழியாகப் போகும் சாலை அப்போது குண்டும் குழியுமாக இருந்ததால் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. சிதம்பரத்தில் கீழ வீதி லாட்ஜில் அறை முந்நூறு ரூபாய். சுத்தமாக இருந்தது, வெந்நீர் மட்டும் கேட்க வேண்டாம். மாலையில் தங்கை ஆய்வகத்தைக் காட்டினாள். உள்ளே நான் எதிர்பார்த்த கண்ணாடிக் குழாய்கள் இல்லை. சிமெண்ட் மூட்டை, ஜல்லி, கான்கிரீட் ஊறும் தொட்டிகள், நசுக்கிப் பார்க்கும் ஒரு பெரிய இயந்திரம். பின்பக்கம் வேப்ப மரத்தடியில், பல வருடம் மாணவர்கள் நசுக்கிப் போட்ட கான்கிரீட் துண்டுகள் மலை மாதிரி கிடந்தன. அவளுடைய கைடு அனுமதி கொடுத்தார். "கட்டை கூரை மேல இருந்ததைத் தேசிஸ்ல எப்படி எழுதுவே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை பாஷா என்பவரின் குட்டியானையை வாடகைக்குப் பிடித்தோம். போகவர ஆயிரத்து இருநூறு. துண்டுகளை ஏற்ற ஏற்ற வண்டி அமுங்கியது. "லோடு ஜாஸ்தி சார், டயரு தாங்காது. யாராச்சும் ஒடஞ்ச கல்லை இவ்ளோ தூரம் கொண்டு போவாங்களா?" என்று பாஷா அங்கலாய்த்தார். விஷயத்தைச் சொன்னதும், வழியில் நிறுத்தி ஓர் அரிசி மண்டியில் காலிச் சாக்கு பத்து வாங்கி வந்தார். துண்டுகளின் முனை தார்ப்பாயைக் கிழிக்கும், சாக்கில் போட்டுக் கட்டுங்கள் என்றார். எங்கள் இருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

அஞ்சலை வண்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஒடஞ்சதைக் குடுத்துட்டு நல்லதைத் தூக்கிட்டுப் போறியே!"

"நல்லதையும் ஒடைக்கத்தாங்க்கா போறேன்" என்று தங்கை உள்ளே இருக்கும் கம்பியைப் பற்றிச் சொன்னாள். அஞ்சலை சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். அடுத்த தெருவில் அவருடைய நாத்தனார் வீடு கான்கிரீட்டில் கட்டியது. கட்டி ஏழு வருடம்கூட ஆகவில்லை, கம்பி துரு பிடித்து உப்பி, சோறு தின்னும்போது காரை தட்டில் விழுகிறதாம். "எங்களுக்கும் கான்கிரீட்டு வீடு வரும்னு பேசிக்கிறாங்க. எதுல கட்டுனா துரு புடிக்காதுன்னு எனக்கும் ஒரு போன் பண்ணி சொல்லும்மா" என்று நம்பரைக் கொடுத்தார். அவருடைய கணவரும் நானும் சாக்குகளை மேலே ஏற்றிக் கட்டிய பிறகுதான் கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. முந்தின நாள் தோண்டி எடுத்த மூன்றோடு சேர்த்து ஏழையும் வண்டியில் ஏற்றினோம். மீதி ஐந்து கடைசி வரை கிடைக்கவில்லை.

அன்று மாலையே கட்டைகளைப் பிளந்தார்கள். நான் ஓரமாக நின்று படம் எடுத்தேன். சாதாரணக் கட்டைகள் நான்கிலும் கம்பி பழுப்பேறியிருந்தது. சாம்பல் கட்டையில் முதலாவது பிளந்தபோது கம்பி சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். மூன்றாவதில் கம்பி முழுக்கத் துரு. மற்ற எல்லாவற்றையும்விட மோசம்.

பக்கத்து மேசை மாணவர் ஒருவர், புயலில் அடிபட்டது என்று காரணம் எழுதி இதை ஒதுக்கிவிடலாமே என்றார். நியாயமான யோசனை மாதிரிதான் எனக்குப் பட்டது. தங்கை அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்படிப் பார்த்தா மத்த ரெண்டும் அதே புயல்ல அடிபட்டதுதான். அதே கூரை மேலதான் இருந்துச்சு. நல்லா வந்ததை மட்டும் எப்படி வச்சுக்கறது?" என்றாள். கைடு தலையாட்டினார். மூன்றையும் எழுதச் சொன்னார். அவள் முகம் கழுவப் போய்விட்டுத் திரும்ப வெகு நேரமாயிற்று.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: சிதம்பரத்தில் தங்கிக்கொண்டு கடலூருக்குப் போய்வருவது வசதி, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு. கடற்கரைக் குப்பங்களுக்குப் போனால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வீடு இழந்து நிற்பவர்களைக் கேமரா வைத்துக்கொண்டு சுற்றி வருவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் சாலைகளில் தடையில்லாமல் நடக்கலாம். ஆய்வகங்களுக்குத் தெரிந்தவர்கள் வேண்டும். செல்போனுக்கு உபரி பேட்டரி எடுத்துப் போங்கள். நான் போனபோது சார்ஜ் போடக் கடைகளில் பத்து ரூபாய் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன், பஸ் நிலையத்தில் நின்றபடியே தங்கை அஞ்சலைக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, ரெண்டு நல்லாயிருந்துச்சு. ஒண்ணு ரொம்ப மோசம்."

"அப்போ அதுல கட்டலாமா, வேணாமா?"

"இன்னும் தெரியலக்கா."

"ரெண்டு வருசம் கடல்ல போட்டும் தெரியலையா?"

"தெரியல."

அஞ்சலை சொன்னார்: "சரி விடு. இங்க வர்றவங்க எல்லாரும் தெரியும்னுதான் சொல்லிட்டுப் போறாங்க. நீ எப்பத் தெரியுதோ அப்ப சொல்லு."

தங்கை போனைப் பைக்குள் வைத்தாள். என்னை பஸ் ஏற்றிவிடக்கூட நிற்கவில்லை. புதிதாகப் பன்னிரண்டு கட்டை வார்க்க அச்சுகளுக்கு எண்ணெய் தடவ வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆய்வகத்தைப் பார்த்து நடந்தாள்.