பேச்சியம்மாளுக்காக ஜெபித்த எஸ்தர்

எஸ்தர் போய்விட்டாள்.

ஆமாம், நம்ம எஸ்தர்தான். சுங்குவார்சத்திரம் கம்பெனியில் என் பக்கத்து ஸ்டேஷனில் நின்று சர்க்யூட் போர்டு செக் பண்ணிய வடக்குப்பட்டு எஸ்தர். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், டெங்கு என்றார்கள்... விடியற்காலையில் நம்ம லைன் கலா போன் பண்ணி அழுகிறாள்.

என்னைவிட இரண்டு வயது சின்னவள். இது என்ன நியாயம், சொல்லுங்கள்!

பஸ்ஸில் உட்கார்ந்து போனில் இந்தப் போஸ்டை டைப் பண்ணுகிறேன். திண்டிவனம் தாண்டியாச்சு. சாயங்காலம் அடக்கம் என்றாள் கலா, எத்தனை மணிக்கு என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. இப்போது அவள் போன் சுவிட்ச் ஆஃப். எஸ்தர் வீட்டுக்காரர் டேவிட் அண்ணன் எடுக்கவே இல்லை.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். சும்மா இருக்க முடியவில்லை... அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். வேலைக்காகச் சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் இருந்தேன், அம்மா ஊரில் தனியாக. அம்மாவுக்கு இதயத்தில் வால்வு கோளாறு.

கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அசெம்பிளி லைனுக்குப் போக முடியும். ஷிஃப்ட் முடிகிறவரை அம்மா இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. கையில் போர்டு இருக்கும், கண்ணில் அம்மா விழுந்து கிடப்பாள்.

பூட்டுவேன், இழுத்துப் பார்ப்பேன், மறுபடி திறந்து மிஸ்டு கால் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் திட்டுவார்கள். எஸ்தர் மட்டும்தான் கேட்டாள்.

"இன்னாக்கா, லாக்கர்ல புதையலா வச்சிக்கீற?"

சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அம்மா பேரு இன்னா?"

"எதுக்கு?"

"பேரு சொன்னாத்தான ஆண்டவர்கிட்ட கரெக்டா சொல்ல முடியும்?"

பேச்சியம்மாள் என்றேன்.

ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் லைனை ஒப்படைப்போம் இல்லையா? இது ஓடுது, இது நின்னுடுச்சு, பாத்துக்கோ என்று. அவள் ஜெபமும் அப்படித்தான்.

"ஆண்டவரே, பேச்சியம்மாள உங்ககிட்ட ஒப்படைக்கறோம். டேவிட்டு டிரெய்லர் லாரி எடுத்துகினு பூனா போய்க்கீறாரு, பாப்பாவுக்கு சளி. அல்லாத்தையும் பாத்துக்கோங்க, நாங்க லைனுக்குப் போறோம். ஆமென்."

அவ்வளவுதான். சூப்பர்வைசர் கத்துவதற்குள் முடித்துவிடுவாள்.

நான் அம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் ஆமென் சொன்னேன். சொன்ன கையோடு கவலைப்படவும் ஆரம்பித்துவிடுவேன், என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "ஒப்படைச்சிட்டு எதுக்குக்கா திரும்ப எட்டி எட்டிப் பாக்கற?"

அவள் மட்டும் என்ன பெரிய தைரியசாலியா! டேவிட் அண்ணன் போன் கிடைக்காமல் போன ஒருநாள், காலையில் ஒப்படைத்துவிட்டு வந்தவள் டீ பிரேக்கில் உட்கார்ந்து அழுகிறாள். "குடுத்தத நானே திரும்ப எடுத்துட்டேங்கா... வா, திரும்ப குடுத்துடலாம்" என்று என்னையும் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஒரே ஷிஃப்டில் எத்தனை தடவை கொடுத்தாளோ.

அப்புறம் அந்த நாள் வந்தது. ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் போன் முழுக்க மிஸ்டு கால். அம்மா மயங்கி விழுந்துவிட்டாள்... பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஊருக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பிய அன்று என்னால் போனை உள்ளே வைக்க முடியவில்லை. லாக்கர் முன்னால் நின்று கத்திவிட்டேன்.

"ஒங்க ஆண்டவரு பாத்துக்கிட்ட லெச்சணம் இதானா? எனக்கு இந்த வேலையும் வேண்டாம், ஒன் செபமும் வேண்டாம். நான் ஊருக்குப் போறேன்."

அவள் கோபப்படவில்லை.

"விழ மாட்டாங்கன்னு நான் எப்பக்கா சொன்னேன்? போன கைல வச்சிகினு இருந்தா மட்டும் இன்னா பண்ணிருப்ப? பறந்தா போயிருப்ப? உனக்கு முன்னாடி அங்க ஒரு ஆளு போய் நின்னாரு இல்ல... அவர யாரு அனுப்புனது?"

கோபம் போகவில்லை, ஆனால் அழுகை வந்துவிட்டது. அவளே என் கையிலிருந்து போனை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டி, "ஆண்டவரே, பேச்சியம்மாள..." என்று ஆரம்பித்தாள்.

அன்றைக்கு நான் மறுபடி திறந்து பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக, கையில் இருந்த போர்டு போர்டாகவே தெரிந்தது.

பிறகு கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஆளுக்கொரு திசை, நான் ஊருக்கு. எஸ்தர் போன் பண்ணினால் என்னைக் கேட்க மாட்டாள்... "பேச்சியம்மா எப்டிக்கீறாங்க?" அதுதான் முதல் கேள்வி. அம்மாவிடம் போனைக் கொடுத்தால் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

இன்று காலையில் நான் பையை எடுக்கிறேன், அம்மா சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"அவ்வளவு தூரம் ஒனக்கு ஆகாதும்மா."

"நீ சும்மா கெட. என்னயப் பத்தி தெனமும் அவுக சாமிகிட்ட சொன்ன புள்ள. மொகத்தக்கூட பாக்காம நான் இங்க உக்காந்திருக்கவா?"

இதோ பக்கத்து சீட்டில்தான் இருக்கிறாள். மாத்திரை போட்டாச்சு. ஒவ்வொரு ஊர் வரும்போதும் "இதுவா?" என்கிறாள்.

செங்கல்பட்டு வரப்போகிறது. சிங்கப்பெருமாள்கோயிலில் இறங்கி ஒரகடம் ரோட்டில் ஆட்டோ பிடிக்க வேண்டும். டிராஃபிக் இருக்குமோ... எடுத்துவிடுவார்களோ... ஆண்டவரே, இதையும் நீரே பார்த்துக்கொள்ளும்.

கலா, இதைப் பார்த்தால் உடனே டேவிட் அண்ணனிடம் சொல்லு. வடக்குப்பட்டுப் பக்கம் பழைய லைன் ஆட்கள் யார் இருந்தாலும் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.

பெட்டியை மூடிவிட வேண்டாம். எஸ்தரைப் பார்க்கப் பேச்சியம்மாள் வந்துகொண்டிருக்கிறாள்.