மௌத்துக்குக் கீழ் அம்பு

எங்களூர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் சத்தம் காற்று வாகாக இருந்தால் அரிப்புக் கடற்கரை வரை கேட்கும். புத்தளம் வரை கேட்காது. எங்களூர் ஆட்களில் பாதிப்பேர் இருப்பதோ புத்தளத்தில். யுத்தகாலத்தில் ஆளுக்கொரு சொப்பிங் பையோடு துரத்தப்பட்டுப் போனவர்கள், போன இடத்திலேயே வீடு கட்டி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துத் தங்கிவிட்டார்கள். நாங்கள் திரும்பி வந்த பாதி. ஊரில் ஒருவர் இறந்தால் பள்ளியில் சொல்லும் மௌத்துச் செய்தி பாதி ஊருக்குத்தான் போகும்.

உம்மாவின் மூத்த சகோதரி புத்தளத்தில் மௌத்தானபோது, அவருடைய மகன் ஒரு பெரிய கம்பனியின் தளத்தில் செய்தியைப் போட்டுவிட்டு, உலகத்துக்கே சொல்லியாயிற்று என்று இருந்துவிட்டார். அந்தத் தளம் அதை உம்மாவின் போனில் காட்டும்போது பெரியம்மாவை அடக்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அதுவும் ஒரு பிரியாணி விளம்பரத்துக்குக் கீழே. எங்களில் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸாவைத் தூக்குமுன் வீட்டில் முகம் பார்ப்பதோடு சரி. அது தவறினால் தவறியதுதான்.

உம்மா அன்று அழவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நான் மௌத்தானா என்ட தங்கச்சி வந்து என்ட முகத்தப் பாக்கோணும். கம்ப்யூட்டர் படிச்சனீதானே, ஒரு வழி செய்" என்றார். அந்தத் தங்கச்சி, என் சாச்சி, புத்தளத்தில் இருக்கிறார். அங்கிருந்து நேரே வரும் காட்டுப்பாதை மூடிக் கிடப்பதால் அநுராதபுரம் சுற்றித்தான் வரவேண்டும். காலையில் தெரிந்தால்தான் பகலுக்கு வந்து சேரலாம்.

மன்னாரில் ஒரு கந்தோரில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. அங்கே சும்மா இருந்த நேரத்தில்தான் முதலாளி இல்லாத வலைப்பின்னல் ஒன்றைப் பற்றி வாசித்தேன். ஆங்காங்கே யாராரோ தங்கள் செலவில் சேர்வர் வைத்திருப்பார்கள், அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஊருக்கொரு பள்ளி, பள்ளிக்கொரு நிர்வாகசபை, தொழுகை மட்டும் ஒன்று என்கிற மாதிரி. எந்தப் பதிவு மேலே வரவேண்டும் என்று கம்பனி தீர்மானிக்காது. அங்கத்தவர்கள் அழுத்தும் அம்பு தீர்மானிக்கும். நல்லதென்றால் மேல் அம்பு, குப்பையென்றால் கீழ் அம்பு. இவ்வளவு நியாயமான இடத்தை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. ஊர் மௌத்து அறிவித்தல்களுக்கென்றே ஒரு குழுமம் தொடங்கினேன்.

தொடங்கிய பிறகுதான் வில்லங்கம் விளங்கியது. ஒரு சேர்வரில் பிறந்த குழுமம் அடுத்த சேர்வருக்குத் தெரியாது. அங்கே ஒருவராவது தேடிப்பிடித்துச் சேர்ந்தால்தான் பதிவுகள் அந்தப் பக்கம் போகும். புதிய குழுமங்களை அறிமுகம் செய்யவென்று ஓர் இடம் இருந்தது. அங்கே போய்க் கல்யாணத் தரகர் மாதிரி என் குழுமத்தின் அருமை பெருமைகளை எழுதினேன். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வித்தியாசமான யோசனை என்றார் ஒருவர். தினமும் ஏதாவது பதிவிடு, இல்லாவிட்டால் குழுமம் செத்துவிடும் என்றார் இன்னொருவர். தினமும் பதிவிட ஊரில் யாரைக் கொல்வது என்று அவர் சொல்லவில்லை. டோஹாவில் இருக்கும் என் மச்சான், குழுமம் உயிரோடு இருக்கட்டுமென்று, மன்னார் பஸ் நிலையத்துக் கழுதைகளின் பழைய படங்களைப் போட ஆரம்பித்தார். அதற்கு மேல் அம்புகள் குவிந்தன.

ஊர் ஆட்களைச் சேர்க்கத்தான் நாய்ப்பாடு பட்டேன். கல்யாண வீட்டில் சாப்பாட்டுச் சஹனைச் சுற்றி இருந்தவர்களிடம் போனை வாங்கி வாங்கிக் குழுமத்தை ஏற்றிக்கொடுத்தேன். மௌத்தை விளம்பரம் பண்ணித் திரிகிறாள் என்று காது கேட்கவே சொன்னார்கள். புத்தளத்துக்குப் பஸ்ஸில் போய் அங்கேயும் வீடு வீடாக ஏறினேன். சாச்சியின் போனில் என் கையாலேயே போட்டுக்கொடுத்தேன். அடுத்து வந்த இரண்டு மௌத்துக்கும் புத்தளத்து ஆட்கள் வான் பிடித்து நேரத்துக்கு வந்து முகம் பார்த்தார்கள். என்னைத் திட்டிய வாய்களே துஆச் செய்தன. சனம் ஒருவருக்கொருவர் கோல் எடுப்பதையும் அத்தோடு விட்டுவிட்டது. அதுதான் குழுமம் இருக்கிறதே.

பிறகு பார்த்தால், ஆட்கள் கூடக்கூட மௌத்து அறிவித்தல்கள் கீழே போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் கீழ் அம்பு. பள்ளி நிர்வாகசபையில் எங்களோடு கோபமான ஆட்களின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன், மனதுக்குள் நாறத் திட்டினேன். ஒருநாள் உம்மா பக்கத்திலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ மௌத்து. இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு, நிதானமாகக் கீழ் அம்பை அழுத்தினார்.

"என்ன உம்மா செய்யிறீங்க?"

"மௌத்துக்கு மேல போற அம்பையா அழுத்திறது? சந்தோசமெண்டெல்லோ நினைப்பினம். மையத்து மண்ணுக்குள்ளதானே போகுது. எல்லாரும் இப்பிடித்தான்."

ஓம், எல்லோரும் அப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஊர் முழுவதும் ஒரே மாதிரி விளங்கிவைத்திருந்தது. அதிகமாக நேசிக்கப்பட்டவருக்கு அதிகமான கீழ் அம்பு. ஓர் எல்லையைத் தாண்டினால் பதிவு மறைந்தே போகும். மேல் அம்பை அழுத்தச் சொல்லி எழுதினேன். சொல்லைக் கேட்டு அழுத்திய ஒருவரிடம், மௌத்தான வீட்டார் "உங்களுக்கென்ன அவ்வளவு சந்தோசம்?" என்று சண்டைக்குப் போனார்கள். கீழ் அம்பை எடுத்துவிடும்படி சேர்வர் வைத்திருந்தவரிடம் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர், தனியாக முடிவெடுக்க மாட்டார். அங்கத்தவர்களிடம் வாக்கெடுப்பு வைத்தார். கீழ் அம்பு தங்கள் உரிமை என்று எங்களூரை வரைபடத்தில்கூடக் காணாதவர்கள் வாக்களித்தார்கள். கடைசியில், புதியது மேலே வரும்படி ஒவ்வொரு போனிலும் மாற்றச் சொன்னேன். ஊரில் நானே மாற்றினேன். புத்தளத்துக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "ஓம் மகள், ஓம் மகள்" என்றார் சாச்சி.

உம்மா ஒருநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். முதல் வேலையாகக் குழுமத்தில் போட்டேன். வீடு நிறைந்தது. "சாச்சிக்குக் கோல் எடுத்தாச்சா?" என்று என் கூடப்பிறந்த நானாவிடம் கேட்டேன். "நீதானே போட்டிருக்கிறாய், பாத்து வெளிக்கிட்டிருப்பா. பஸ்ஸுக்குள்ள சிக்னல் இல்லாமலிருக்கும்" என்றார். உம்மாவைக் குளிப்பாட்ட நான் உள்ளே போய்விட்டேன். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு தூக்கவேண்டுமென்றார்கள். கொஞ்சம் பொறுங்கோ, சாச்சி வாறா என்றேன். பொறுத்தார்கள், பாவம். பின்னேரம் அசர் பாங்கு சொன்னதும் உம்மாவின் முகத்தை மூடினார்கள்.

சாச்சி அடுத்த நாள் வந்தார். யாரோ சந்தையில் துக்கம் விசாரித்தபோதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மகள் எனக்குச் சொல்லேல்ல? நான் நேத்துக் காலமயே போனத் துறந்து பாத்தனான். கழுத நிண்டது, வேறொண்டும் இருக்கேல்ல."

அவருடைய போனை வாங்கினேன். புதியது மேலே வரும்படி மாற்றியிருக்கவில்லை. உம்மா மௌத்தாவதற்கு முதல்நாள் மச்சான் போட்ட கழுதை உச்சியில் நின்றது. வெட்கமும் ஆத்திரமுமாகக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். அடியில், மறைக்கப்பட்ட பதிவு என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அதைத் தொட்டதும் உம்மாவின் பெயர் வந்தது. எங்களூரில் எவருக்கும் அத்தனை கீழ் அம்புகள் விழுந்ததில்லை.

சாச்சி போனை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். இன்னாலில்லாஹி சொன்னார். முந்தானையால் விரலைத் துடைத்துவிட்டு, கீழ் அம்பை அழுத்தினார்.