இரண்டாவது கார்டு

என் அண்ணன் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதுகிறவன். இதை என் மாமியாரிடம் சொன்னபோது, எந்த வண்டிக்கு என்று கேட்டார். நான் தையல்காரி, எனக்கு வந்தபடி விளக்கினேன். கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் ஓர் அட்டைதான் அதை மற்ற கம்ப்யூட்டர்களோடு பேசவைக்கிறது. அந்த அட்டையிடம் வேலை வாங்கத் தெரிந்த புரோகிராம்தான் டிரைவர். ஓர் இயங்குதளத்துக்கு யாரோ தைத்துவைத்த டிரைவரைப் பிரித்து, இன்னோர் இயங்குதளத்தின் அளவுக்கு இவன் மாற்றித் தைக்கிறான். இரண்டுமே திறந்த மூலம். யாரும் படிக்கலாம், திருத்தலாம். பைசா தேறாது என்றதும் மாமியார் பேச்சை மாற்றிவிட்டார்.

பகலில் அவன் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று அக்கம்பக்கத்தில் மெச்சுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கடிக்கத் தெரியாதது வேறு, வாயையே திறக்காதது வேறு. அண்ணி அதில்தான் சலித்துப் பிரிந்துபோனாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டிலையும் அலமாரியையும் எடுத்துப்போனாள். அந்த இடத்தில் இப்போது ஒரு மேஜை, மூடி கழற்றிய இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரே ஒரு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொள்வான்.

இந்த டிரைவருக்காக அவன் பழியாய்க் கிடந்தான். முடித்து, அந்த இயங்குதளக் குழுவுக்கு அனுப்பினான். அதே கார்டு வைத்திருக்கும் வேறொருவர் சோதித்துச் சொன்னால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பதில் வந்தது. அது அவர்கள் வழக்கம். கார்டோ தயாரிப்பு நின்றுபோன பழசு. குழுவின் மின்னஞ்சல் பட்டியலில், யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, குட்டி போட்ட பூனை மாதிரி மேஜையைச் சுற்றிவந்தான். இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு வெளியாவதற்குள் யாரும் வராவிட்டால் அத்தனையும் குப்பை என்றான். எதையும் இவ்வளவு வேண்டி அவனை நான் பார்த்ததில்லை. அண்ணி போனபோதுகூட இப்படித் தவிக்கவில்லை.

கடைசியில் ஒருவர் வந்தார். ஏதோ ஒரு தேசத்தில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவர். அங்கே அந்தக் கார்டு நிறைய இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் டிரைவர் அழகாக ஓடியது. பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் போட்டதும் இரண்டுமே தடுமாறி விழுந்தன. அண்ணன் தலையைப் பிய்த்துக்கொண்டான். இருவரும் நாள் தவறாமல் எழுதிக்கொண்டார்கள். அவருடைய அறையில் கூரை ஒழுகுவது, வாளி வைத்துச் சமாளிப்பது, வாளியை யாரோ தூக்கிக்கொண்டு போனது என்று எல்லாக் கதையும் எனக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகொரு ஞாயிறு, தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றான். ஒவ்வொரு கார்டிலும் தயாரிக்கும்போதே தனி முகவரி எண் ஒன்றைப் பதித்திருப்பார்களாம். டிரைவர் அதைப் படித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் அந்தப் பகுதி சரியாக வராததால், தன் கார்டின் எண்ணையே தற்காலிகமாக டிரைவரில் எழுதிவைத்தவன், பிறகு எடுக்க மறந்துவிட்டான். எல்லாக் கார்டுகளும் இவன் கார்டின் எண்ணையே தங்களுடையதென்று சொல்லி மோதிக்கொண்டிருந்தன. நானும் சட்டைக்குள் குண்டூசியை மறந்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். போட்டவர் கத்திய கத்தலில் அன்றே தெரிந்துவிட்டது.

"இத்தனை நாள் இது உன் கண்ணுல படவே இல்லையா?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட இருக்கறது ஒண்ணுதானே. பக்கத்துல இன்னொண்ணு இருந்தாத்தானே தப்பு தெரியும்."

கார்டைப் பற்றித்தான் சொன்னான்.

திருத்தி அனுப்பினான். பள்ளிக்கூடத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஓடின. குழுவும் டிரைவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு நான் கேக் வாங்கிக்கொண்டு போனால், இவன் முகத்தில் ஈயாடவில்லை. மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அந்த மனிதரின் கடைசி மெயிலைக் காட்டினான். எல்லாம் சரியாக ஓடுகிறது, நன்றி. அவ்வளவுதான் இருந்தது.

"கூரை ஒழுகறது நின்னுதான்னு கேட்டு எழுதேன்," என்றேன்.

"அதுக்குன்னு எப்படி எழுதறது? வேலைதான் முடிஞ்சுபோச்சே."

கேக்கை அப்படியே தட்டில் வைத்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னும் ஒரு தப்பு விட்டு வெச்சிருக்கலாம்," என்றான்.