மந்திரித்த மண்கட்டு

வெள்ளைக் காற்சட்டையில் ஒரு துளி சேறு படாமல் பெரியப்பா குளக்கட்டின் மேல் நின்ற அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாதர் புதுக் கட்டின் மீது தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் கண் முழுக்கப் படம் எடுப்பவன் மேல்தான். செபம் முடியுமுன்பே இரண்டு தடவை தலையை வாரிக்கொண்டார்.

மாத்தளை டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த அந்த மனிதருக்குத் திடீரென்று இயற்கை மேல் காதல் வந்திருந்தது. யட்டவத்தைப் பக்கம் ஓர் ஓடையை மண்ணால் மறித்து, இரண்டு அன்னப் படகுகளை மிதக்கவிட்டு, 'பறவைகள் குளம்' என்று பலகையும் நட்டார். வந்த பறவைகளைக் கல்லெறிந்து துரத்தியவரும் அவரேதான், படகில் எச்சமிடுகின்றனவாம். கட்டுக்கு நேர் கீழே எங்கள் வீடும் வயலும். மழைத் தண்ணீர் வழிந்தோட ஓரத்தில் ஒரு வான்கால் வெட்டச் சொல்லி அப்பா தன் அண்ணனிடம் கெஞ்சினார். வெட்டினால் நீர்மட்டம் இறங்கும், படகு தரைதட்டும். பெரியப்பாவின் கவலை அவ்வளவுதான். வாயில் வந்ததோ வேறு.

"பாதர் மந்திரிச்ச கட்டு, தம்பி. அதுல மண்வெட்டி போட்டா பாவம்."

செய்தி கேட்டுப் பாதரே ஆள் அனுப்பினார், தாராளமாக வெட்டுங்கள் என்று. பாதர் இளசு, அவருக்கு என்ன தெரியும் என்றார் பெரியப்பா. பாதரைவிடப் பெரிய பக்தரை அன்றுதான் கண்டேன். அண்ணன் சொல்லைத் தட்டிப் பழகாத அப்பா அதோடு வாயை மூடிக்கொண்டார்.

வஹகோட்டைக் கோயில் திருவிழா முடிந்த கையோடு மழை பிடித்தது. ஒரு மத்தியானம் தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்து, கட்டு நடுவில் பிய்ந்துகொண்டது. நாங்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினோம். கதிர் வந்த வயலும் அம்மா சமைக்கும் குசினியும் சேற்றுக்குள் போயின. மறுநாள் அம்மா அழுதுகொண்டே சேறு அள்ளும்போது பெரியப்பா வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல், வயலில் கவிழ்ந்து கிடந்த படகைத் தட்டிப் பார்த்து, நல்ல வேளை உடையவில்லை என்றார். ஒருவரும் சாகாமல் பிழைத்தது மந்திரித்த கட்டு என்பதால்தான் என்று அம்மாவுக்கு விளக்கமும் சொன்னார். அன்று எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

அப்பா சொன்னது ஒன்றுதான்.

"எடுத்துட்டுப் போங்க, முதலாளி."

அதுவரை 'அண்ணே' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. இன்றும் கோயிலில் கண்டால் முதலாளிதான். தம்பிக்கு இப்போதுதான் மரியாதை தெரிந்திருக்கிறது என்று பெரியப்பா எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார்.