மோட்டார்காரர் நம்பர்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நம்பர் அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். தொலைத்தொடர்பு ஆணையத்தில் எண் ஒதுக்கீட்டுப் பிரிவு என்று ஒன்று உண்டு. உங்கள் கையில் இருக்கும் போன் நம்பர் எங்கள் பிரிவைத் தாண்டித்தான் கம்பெனிக்குப் போயிருக்கும். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று மேஜை, காற்றைவிடச் சத்தத்தை அதிகம் விடும் ஒரு மின்விசிறி, அக்கா, நான், பாதி நாள் லீவில் இருக்கும் இன்னொருவர். அவ்வளவுதான். வழுக்கை விழுந்த என்னையும் அக்கா தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அக்காவுக்குப் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். மகள் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரைப் பிடித்துத்தான் அந்த விதியை எழுதச் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். நாட்டில் நம்பர் தீர்ந்துகொண்டிருந்தது. மனிதர்களுக்கு மட்டும் என்றால் போதுமானதாக இருந்திருக்கும். இப்போது தண்ணீர் மீட்டருக்கு ஒரு நம்பர், லாரிக்கு ஒரு நம்பர், கடையில் கார்டு தேய்க்கிற மெஷினுக்கு ஒரு நம்பர். கூட ஒரு இலக்கம் சேர்க்கலாமே என்றால், வங்கி முதல் மருத்துவமனை வரை எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் கை வைக்க வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்று கேட்டால் எந்த அமைச்சகமும் வாயைத் திறக்கவில்லை. மிச்சமிருந்த ஒரே வழி, ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும் நம்பரைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது. எவ்வளவு காலம் பொறுத்துப் பிடுங்கலாம் என்பதில்தான் இழுபறி. அக்கா ஆறு மாதம் என்றார். கம்பெனிக்காரர்கள் ஒரு மாதம் என்றார்கள். இயக்குநர் ஒன்றரை மாதம் என்று சொல்லிப் பஞ்சாயத்தை முடித்தார்.

"ஒன்றரை மாசம் போனைத் தொடாம எவன்ம்மா இருப்பான்? பல்லு தேய்க்க மறந்தாலும் இதை மறக்க மாட்டானே!"

"யாராவது இருப்பாங்க சார்" என்றார் அக்கா. அந்த யாராவது யார் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஆளுக்காக எந்த இயக்குநர் காத்திருப்பார்? விதியை அக்காவே எழுதினார். கூடவே பிடிவாதம் பிடித்து இரண்டு பாதுகாப்புகளையும் சேர்த்தார். பழைய சந்தாதாரர் யார் என்பதைப் புதியவரிடம் சொல்லக் கூடாது. ஒருவர் தன் நம்பரை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தரக் கூடாது. மோசடிக்காரர்கள் கையில் சிக்கி ஜனங்கள் சீரழிந்துகொண்டிருந்த சமயம் அது. இரண்டும் நல்ல விதிகள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. விதி வெளியான பிறகு பத்திரிகைக்காரர்களும் கம்பெனி ஆட்களும் அக்காவின் போனை ஓய விடவில்லை. வீட்டு ஆட்களுக்கென்று தனியாக இருக்கட்டும் என்று கடையில் போய் இன்னொரு நம்பர் வாங்கினார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது யாரிடமிருந்தோ பிடுங்கிய நம்பர்.

வாங்கிய மறுநாளே ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது."

"நான் அண்ணன் இல்லைங்க."

"அப்ப அண்ணியா? அண்ணனைக் கொஞ்சம் அனுப்பி வைங்க அண்ணி, குளிக்கத் தண்ணி இல்ல."

நம்பரின் பழைய சொந்தக்காரர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர் என்று அப்படித்தான் தெரிந்தது. மேல்தொட்டி வற்றியவர்கள், மோட்டார் புகைந்தவர்கள் என்று தினமும் யாராவது கூப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் எடுத்த எடுப்பில் திட்டுவார். "மோட்டாரைக் கழட்டிட்டுப் போனவரு எங்கம்மா? வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு உங்களைப் பேச விடறாரா?" கடைசியில் அந்த ஆளையும் இன்னும் சிலரையும் பிளாக் செய்துவிட்டார். நான் சிரித்தேன். "அக்கா, பேசாம ஒரு ஸ்பேனர் வாங்கிக்குங்க. ரிட்டயர்மெண்டுக்கு அப்புறம் உதவும்."

ஒரு நாள் மத்தியானம் அக்கா டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அந்தப் போன் அடித்தது.

"பெரிய ஆஸ்பத்திரிலேருந்து நர்ஸ் பேசறேம்மா. உங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி கிடைச்சிருச்சு. எதுவும் சாப்பிடக் குடுக்காம உடனே கூட்டிட்டு வாங்க."

அக்கா பதறி எழுந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரருக்கா? அவருக்கு என்னம்மா ஆச்சு?" என்றவர், அந்த நர்ஸ் பேசப் பேச மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "மோட்டார் ரிப்பேர் பண்றவரா? ஐயோ, இது இப்ப அவர் நம்பர் இல்லம்மா!"

நர்ஸின் குரல் எனக்கே கேட்டது. "இன்னொரு நம்பர் லேண்ட்லைன், அதை எப்பவோ எடுத்துட்டாங்க. காலைல இந்த நம்பர் கிடைக்காம அட்ரஸுக்கு ஆள் அனுப்பினோம், வீடு மாறிட்டாங்களாம். நாலு மணிக்குள்ள வரலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டாகணும்மா. எடுத்து வச்ச கிட்னி யாருக்காகவும் காத்திருக்காது."

அக்கா கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டார். பாட்டு முடிந்து ஒரு பையன் வந்தான்.

"பழைய கஸ்டமர் விவரம் சொல்ல முடியாது மேடம். ஆணையத்தோட விதி."

"அந்த விதியை எழுதினதே நான்தான்ப்பா! ஒரு உயிர் விஷயம்."

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லித்தான் கேக்கறாங்க மேடம்."

"சரி, என்கிட்ட சொல்ல வேண்டாம். அவரோட புது நம்பருக்கு நீங்களே ஒரு தகவல் அனுப்புங்க."

"அதுக்கு விதில வழி இல்லையே மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவன் சொன்னது சரி. அந்த வழியை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இயக்குநரிடம் ஓடினோம். அவர் நல்ல மனிதர், எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் கோர்ட் உத்தரவு இல்லாமல் கம்பெனியின் பதிவேட்டைத் திறக்கச் சொல்ல அவருக்கும் அதிகாரம் கிடையாது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா திடீரென்று போனை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தள்ளிப் பார்த்தார். "தம்பி, அவரை எனக்குத் தெரியாது. அவரைத் தேடறவங்களைத் தெரியுமே!"

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். குளிக்கத் தண்ணீர் இல்லாத அம்மாவுக்கு அவர் வீடு தெரியவில்லை. இன்னொருவர், "ஆளையே காணோம், செத்துட்டார்னு நினைச்சேன்" என்றார். பிளாக் செய்தவர்களையும் விடுவித்துக் கூப்பிட்டார். கடைசியாக அந்தத் திட்டுகிற ஆள். அவர் திட்டி முடிக்கும்வரை அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த ஆளின் குரலே மாறிவிட்டது. "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி டெய்லர் கடைங்க. அவர் சம்சாரம் அங்கதான் தைக்கறாங்க. ஓடுங்க, ஓடுங்க" என்றார்.

என் வண்டியில் நான் போனேன். வரிசையாக நாலு தையல் மெஷின். விஷயத்தைச் சொன்னதும் கடைசி மெஷினில் இருந்த பெண் ஊசிக்குக் கீழே துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். செருப்பைக்கூடத் தேடவில்லை. "அவரு டயாலிசிஸ்ல இருக்காருங்க, போனை எடுக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டார். டயாலிசிஸ் நிலையத்தில் மெஷினிலிருந்து அவரைக் கழற்றிக் கையில் கட்டுப் போடுவதற்குள் எங்கள் மூன்று பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ஆட்டோவில் அவர்கள் முன்னால், நான் பின்னால். அலுவலகத்தில் அக்கா ஒரு போனில் என்னைக் கேட்டுக்கொண்டே, இன்னொன்றில் நர்ஸைப் போனை வைக்கவே விடவில்லை. "வந்துட்டாங்கம்மா, பாலம் தாண்டிட்டாங்க, சிக்னல்ல நிக்கறாங்க, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

நர்ஸும் கொஞ்சம் பொறுத்திருக்கிறாள். அவள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நாங்கள் மாடிப்படி ஏறியபோது அடுத்தவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

மோட்டார்காரரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். புது நம்பரைக் கவுண்டரில் சொல்லியிருந்தார்களாம். கவுண்டர் கம்ப்யூட்டர் வேறு, உறுப்பு மாற்றுப் பிரிவின் கம்ப்யூட்டர் வேறு. பழைய நம்பர் எப்படிப் போனது என்று நான் கேட்டேன். மோட்டார்காரர் காய்ச்சலில் நினைவில்லாமல் இரண்டு மாதம் கிடந்திருக்கிறார். "அவரு பொழைப்பாரான்னு பார்ப்பனா, போனுக்கு ரீசார்ஜ் பண்ணுவனா?" என்றார் அந்த அம்மா. இயக்குநர் கேட்ட கேள்விக்குப் பதில் என் முன்னால் கட்டுப் போட்ட கையோடு நின்றது. எனக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம், அது இன்னும் போகவில்லை.

மோட்டார்காரர் மட்டும் கட்டில்லாத கையால் மனைவியைத் தூக்கிவிட்டு, "சரி விடு. யாருக்காவது ஓடட்டும்" என்றார்.

விதியைத் திருத்தச் சொல்லி அக்கா அன்றைக்கே குறிப்பு எழுதினார். இயக்குநரும் பரிந்துரைத்து மேலே அனுப்பினார். தனி ஒரு நிகழ்வை வைத்துக் கொள்கையை மாற்ற இயலாது, அடுத்த மறுஆய்வின்போது கவனிக்கப்படும் என்று திரும்பி வந்தது.

சில நாள் கழித்து அந்தப் போன் அடித்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நான்தாம்மா, மோட்டார்காரன். என் நம்பருக்கு நானே போன் பண்றேன் பாருங்க." சிரித்தார். "ஒண்ணு கேக்கலாமாம்மா? அந்த நம்பரை எனக்கே திருப்பிக் குடுத்துடறீங்களா? பதினஞ்சு வருஷமா எல்லா இடத்துலயும் அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். எங்கெங்க எழுதினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. இன்னும் எங்கேருந்து யாரு கூப்பிடுவாங்களோன்னு ராத்திரில தூக்கம் வரலம்மா."

பெயர் மாற்றித் தர முடியாது, அது இரண்டாவது விதி. திருப்பி ஒப்படைத்தால் ஒன்றரை மாதம் கழித்து எந்தக் கடையில் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அக்கா ஒவ்வொன்றாக அவருக்கு விளக்கினார். தன் குரலிலேயே அந்த விதிகளைச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார். "அப்பன்னா நீங்க அதை விட்டுறாதீங்கம்மா. உங்ககிட்ட இருந்தா எடுப்பீங்கல்ல?"

"எடுப்பேன்ணே" என்றார் அக்கா.

இப்போது அந்த நம்பர் அக்காவின் வீட்டு ஆட்களுக்கு இல்லை. மகளுக்கு வேறு நம்பர் கொடுத்துவிட்டார். குளிக்கப் போனாலும் அந்தப் போன் கூடவே போகிறது. போன வாரம் எல்லாக் கம்பெனிக்காரர்களும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், இயக்குநர் பேசிக்கொண்டிருக்கும்போதே அது அடித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்து நின்று, இடத்தை விட்டு நகரக்கூட நேரமில்லாதவர் போல அங்கேயே போனைக் காதில் வைத்தார்.

"மோட்டார்காரர் வீடுதாங்க. சொல்லுங்க."