நசீமா எண்ணிய வண்டிகள்

நசீமா இறந்த செய்தியை அவள் தம்பி தொலைபேசியில் சொன்னார். "அக்கா காலையில போயிட்டாங்க." எனக்கு அழுகை வரவில்லை. கணிதத்துறைத் தலைவரின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்த மனிதரைத் தெரியும்.

தாம்பரத்தில் எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேசை நசீமாவுடையது. அவள் கணிதம், நான் தமிழ். பீர்க்கன்கரணை ஏரிக்கு அருகே ஒரு இணைப்புச் சாலை திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, "நெரிசல் கூடும், பாரு" என்றாள். ஊரே அந்தச் சாலைக்குக் காத்திருந்தது.

என்னையும் இழுத்துக்கொண்டு இரும்புலியூர் முனையில் பல காலைகள் வண்டிகளை எண்ணினாள். ஓர் ஆட்டோக்காரர் விசாரித்தார். ஜி.எஸ்.டி. சாலைக்குப் போக இரண்டு வழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குறுகல், ஒரு சுற்று. புதுச் சாலை சுற்றுகளைத் தவிர்த்து இரண்டு குறுகல்களையும் இணைத்துவிடும் என்று அவருக்கு விளக்கினாள். அவர் யோசித்துவிட்டு, "அப்ப அல்லாரும் அதுலயே பூந்து, அல்லாரும் மாட்டிகினு நிப்போம்" என்றார். நசீமா சிரித்தாள். "இதுக்குப் பேர்தான் ஆட்டக் கோட்பாடு. யாரும் தப்பு பண்ணல. அவங்கவங்க தனக்கு நல்ல வழியைத்தான் எடுக்கறாங்க. அதுலயே எல்லாருக்கும் லேட்டாகுது."

அவள் இதைத் துறைக் கூட்டத்தில் சொன்னபோது தலைவர் கேலி செய்தார். சாலை திறந்த சில வாரங்களில் எங்கள் பேருந்து முன்னைவிடத் தாமதமாக வந்தது. பிறகு குழாய் பதிக்க அந்தச் சாலையை மூடினார்கள், நெரிசல் குறைந்தது. அடுத்த கருத்தரங்கில் தலைவர் ஒரு கட்டுரை வாசித்தார். நசீமாவின் கணக்கு, நசீமாவின் வரைபடம், அவர் பெயர். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

புகார் கொடுத்தாள். அவள் முன்பே அவரிடம் திருத்தக் கொடுத்திருந்த ஆய்வுத் தாள்களைத் தான் பார்த்ததே இல்லை என்றார் அவர். சாட்சியாக என்னை அழைத்தார்கள். துணை முதல்வர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. என் வேலை நிரந்தரமாகவில்லை. அவளுக்குத் துணையாகத்தான் போனேன், எதற்கு எண்ணினாள் என்று தெரியாது என்றேன். புகார் தள்ளுபடியானது.

நசீமா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். போன மாதம் மருத்துவமனையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அவரையும் மன்னிக்க மாட்டேன், உன்னையும் மாட்டேன்" என்றாள். "போய் உண்மையைச் சொல்லு. அப்புறம் வா." நான் நாள் கடத்தினேன். அவள் போய்விட்டாள்.

இரங்கல் கூட்டத்தில் அவர் ஒலிபெருக்கி முன் நின்று, "என் ஆய்வுக்கு உதவியவர்" என்று தொடங்கினார். நான் எழுந்தேன்.

"உதவி இல்ல சார். அது அவளோட ஆய்வு. நீங்க திருடினீங்க, நான் பொய் சாட்சி சொன்னேன்."

நாங்கள் வண்டி எண்ணிய காலைகளின் கணக்கு என் குறிப்பேட்டில் இருந்தது; அவள் கையால் போட்ட திருத்தங்களுடன். அதையும் முந்தின இரவே எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தையும் முதல்வரிடம் அங்கேயே கொடுத்தேன். தலைவர் பேச்சை முடிக்காமல் இறங்கினார். விசாரணை மறுபடி தொடங்கியிருக்கிறது. ஓய்வு பெற அவருக்கு இன்னும் நான்கு மாதங்கள். அவற்றில் ஒரு நாள்கூட அவருக்கு நிம்மதியாகக் கழியக் கூடாது. என் வேலை போனாலும் போகட்டும்.

நசீமாவின் கணக்குகள் எனக்கு முழுதாகப் புரிந்ததில்லை. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மன்னிக்காத மனம். அது எனக்கும் சேர்த்துத்தான்.