பட்டினி விசாரிக்க வந்த பிள்ளை

எழுபதுகளில் ஒரு வாடைக்காலம். அரிசித் தட்டுப்பாடு. பாண் ரொட்டி வாங்க விடியமுன் வரிசை. எங்கள் ஊர் சாம்பல்தீவில் கடல் பொங்கிக் கிடந்தது. தோணிகள் எல்லாம் கரையில். என் வீட்டுக்காரர் மற்றவர்களுடைய தோணியில் கூலிக்குப் போகிறவர். தோணி இறங்காவிட்டால் எங்களுக்கு மரவள்ளிக் கிழங்குதான்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை வந்தது. யாழ்ப்பாணப் பக்கம். கம்பஸில் படிக்கிற பொம்பிளைப் பிள்ளை. லீவுக் காலத்தில் ஏழை ஊர்களில் வேலை செய்கிற மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற திட்டம் ஒன்று இருந்தது. எங்கள் ஊருக்கு இந்தப் பிள்ளையைப் போட்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய் எங்கே சாப்பாடு இல்லை என்று விசாரிப்பது வேலை. இல்லை என்று தெரிந்தால் ஊர்க் குழந்தைகளுக்கு மத்தியானக் கஞ்சி வரும்.

“நேற்று என்ன சமைச்சனீங்கள் அக்கா?”

“சோறும் மீன்குழம்பும்.”

எல்லா வீட்டிலும் அதைத்தான் சொன்னோம். படித்த பிள்ளை, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. அதனிடம் போய் அடுப்பு எரியவில்லை என்று எப்படிச் சொல்வது? பெரிய இடத்துப் பிள்ளை என்றும் நினைத்துக்கொண்டோம்.

பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்க ஒழுங்கான கோப்பையும் அதன் கீழே வைக்கிற பீரிசும் பக்கத்து வீட்டு மச்சாளிடம் மட்டும்தான் இருந்தன. ரோசாப்பூப் போட்டவை. பிள்ளை ஒரு வீட்டில் குடித்துவிட்டு எழும்பினால், கோப்பையைக் கழுவி வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். சீனிப் போத்தலும் அதோடு போகும். பிள்ளை வாசல் படலையால் சுற்றிப் போய்ச் சேர முன்னம் அவை போய்ச் சேர்ந்துவிடும்.

ஒருநாள் என் வீட்டில் பிள்ளை கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“அக்கா, இந்தக் கோப்பை காலமை தொடங்கி என்னோட வருது.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சாள், “எல்லாரும் ஒரே கடையில வாங்கினனாங்கள், தங்கச்சி” என்றாள்.

“கோப்பையின்ர உடைஞ்ச காதும் ஒரே கடையிலயோ அக்கா?” என்றது பிள்ளை.

மச்சாள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிள்ளை சிரிக்கவில்லை. கதிரையை விட்டு இறங்கி என்னோடு நிலத்தில் இருந்தது.

“எங்கட அம்மாவும் இப்பிடித்தான். ஆக்கள் வந்தால் பக்கத்து வீட்டுச் சீனி. ஐயா புகையிலைத் தோட்டத்தில கூலி. இந்த லீவுச் சம்பளத்தை நம்பித்தான் தம்பி பள்ளிக்கூடம் போறான்.”

பிறகு விசயத்தைச் சொன்னது. திட்டத்துக்குப் பொறுப்பான சேர் நாளைக்கு வருகிறார். இந்த ஊரில் பட்டினி இல்லை என்று அவர் நினைக்கிறார். பார்த்துவிட்டு அதையே சொன்னால் கஞ்சியும் இல்லை, பிள்ளைக்கு வேலையும் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பின்னேரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“எங்கட அடுப்பை ஊருக்குத் திறந்து காட்டப் போறியோ?” என்றார்.

“எங்கட சின்னவள் பசியில அழுதது உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

அவர் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் சேர் வந்தார். பிள்ளை பின்னால் நின்றது. வேலிக்கு மேலால் மச்சாள் கோப்பையை நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். தகரப் பேணியில் வெறுந்தேத்தண்ணி ஊற்றிச் சேருக்குக் கொடுத்தேன்.

“சீனி இல்ல சேர். குசினிக்குள்ள வாங்கோ.”

சட்டி மூடியைத் திறந்தேன். அவித்த மரவள்ளி, உப்புத் தண்ணி. அரிசிப் பானையைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

“நேற்றும் இதுதான். முந்தநாள் இதுவும் இல்ல.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. சட்டியைத்தான் பார்த்தேன்.

சேர் பானையை நிமிர்த்திப் பார்த்தார். “இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல?” என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. “எங்கட வீட்டையும் வந்து பாருங்கோ சேர்.” மச்சாளின் குரல். அதற்கும் அங்காலே இன்னொரு குரல்.

கஞ்சிக்கு அனுமதி வந்தது. பிள்ளையின் வேலையும் தப்பியது. ஆனால் வீட்டுக்காரர் என்னோடு கதைக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், போனார்.

முதல் நாள் கோயில் வெளி மண்டபத்தில் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினோம். பயறு போட்டது. மணம் தெரு வரைக்கும் போனது. ஒரு குழந்தையும் வரவில்லை. முதல் ஆளாகத் தன் பிள்ளையை அனுப்ப ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. என் பிள்ளைகளைக் கூப்பிடப் போனேன். வீட்டில் இல்லை. தகப்பன் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றாள் மச்சாள். இனி வேறு ஆர் வருவார்கள் என்று திரும்பி வந்தேன். பிள்ளை அகப்பையோடு நின்றது. முகம் கறுத்துவிட்டது. யாரும் வராவிட்டால் இதையும் நிறுத்திவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும்.

கடற்கரைப் பக்கமிருந்து அவர் வந்தார். சின்னவள் இடுப்பில். மற்ற இரண்டும் கையில். நாலு பேர் பார்க்கத் தெரு நடுவால் வந்தார். பிள்ளைகளை வரிசையாக இருத்தினார். கம்பஸ் பிள்ளை வார்த்த கஞ்சியை ஊதி, தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் சின்னவளுக்குப் பருக்கினார்.

“தங்கச்சி, உப்புக் காணாது” என்றார்.

பிள்ளை உப்பு எடுக்க ஓடியது. தெரு நெடுக வீட்டுப் படலைகள் திறக்கிற சத்தம் கேட்டது.